பழைய த்ரீ நாட் த்ரீ துப்பாக்கியின் மேல் இருக்கும் முத்திரைகளை எப்படிப் படிப்பது?

கல்லூரியின் என்.சி.சி. ஆயுத அறையில் டிரில் பயிற்சிக்காக வைத்திருக்கும் பழைய .303 துப்பாக்கி ஒன்றின் படங்களை அனுப்பி, அதன் மேல் குத்தியிருக்கும் முத்திரைகளுக்கு என்ன பொருள் என்று கேட்டிருக்கிறீர்கள். தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட்டின் கைப்பிடிக்குக் கீழே வலப்பக்கத்தில் ஒரு கிரீடம், அதன் கீழ் ஜி.ஆர்., பிறகு என்ஃபீல்டு என்ற பெயர், 1917 என்ற ஆண்டு, எஸ்.எச்.டி. எல்.இ. என்ற எழுத்துகள், ரோமன் எண்ணில் மூன்று, அதன் தலைமாட்டில் ஒரு நட்சத்திரம். வேறோர் இடத்தில் அம்பு முனை ஒன்றும் அதன் அடியில் 'ஐ' என்ற ஆங்கில எழுத்தும். பேரலின் பின்பகுதியில் குறுக்காக வைத்த இரண்டு கொடிகள். பின்கட்டையின் மேல் 'எஸ்' என்ற எழுத்து. எங்கு திருப்பினாலும் கிரீடமும் எண்ணும் 'இ' எழுத்தும் சேர்ந்த பொடி முத்திரைகள். போல்ட்டில் ஓர் எண் கோடு போட்டு அடிக்கப்பட்டிருக்க, அருகில் வேறோர் எண். முன்கட்டையின் குறுக்கே ஒரு பெரிய திருகு. பல இடங்களில் 'டி.பி.' என்ற எழுத்துகள். 'ஐ' என்றால் முதல் தரம், 'எஸ்' என்றால் ஸ்னைப்பர், கொடிகள் இரண்டு நாடுகள் மோதிய போரின் நினைவு என்று ஒருவர் விளக்கியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்று விளக்கங்களுமே தவறு. ஆனால் தவறு என்று மட்டும் சொல்லிவிட்டால் அடுத்த துப்பாக்கியைப் பார்க்கும்போது மறுபடியும் இதே குழப்பம் வரும் என்பதால், படிக்கும் முறையையும் சேர்த்தே சொல்கிறேன்.

ராணுவத் துப்பாக்கியின் மேல் யாரும் அழகுக்காக எதையும் குத்துவதில்லை. செய்தவர், சோதித்தவர், வாங்கி இருப்பில் சேர்த்தவர், பழுது பார்த்தவர், கழித்துக் கட்டியவர் என்று ஒவ்வொருவரும் தம் பொறுப்புக்கு அடையாளமாகக் கையெழுத்துப் போல ஒரு முத்திரையை அடித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்திருக்கிறார்கள். பழைய கிரயப் பத்திரம் ஒன்றைக் கையில் வாங்கினால் முத்திரைத் தாளின் ஆண்டு, சார்பதிவாளரின் சீல், பின்பக்கத்தில் பிற்காலத்தில் எழுதிய குறிப்புகள் என்று தனித்தனியாகப் பிரித்துத்தானே படிப்போம்? துப்பாக்கியையும் அப்படித்தான் படிக்க வேண்டும். ஆகவே "இந்தச் சின்னத்துக்கு என்ன அர்த்தம்" என்று கேட்பதற்கு முன்னால், அது எந்த உறுப்பின் மேல் இருக்கிறது, எந்தக் கட்டத்தில் அடிக்கப்பட்டிருக்கும், அதை அடிக்க அதிகாரம் பெற்றவர் யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே எழுத்து கட்டையில் இருந்தால் ஒரு பொருளும், இரும்பில் இருந்தால் வேறொரு பொருளும் தரும். உங்கள் 'எஸ்' அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் வலப்பக்கத்துப் பெரிய எழுத்துகள். இதைத் துப்பாக்கியின் பிறப்புச் சான்று என்று கொள்ளலாம். கிரீடத்தின் கீழ் வருவது, செய்த காலத்தில் பட்டத்தில் இருந்த அரசரின் பெயர்ச் சுருக்கம். வி.ஆர். என்றால் விக்டோரியா அரசி, இ.ஆர். என்றால் 1901 முதல் 1910 வரை ஆண்ட ஏழாம் எட்வர்டு; ஜி.ஆர். என்றால் ஜார்ஜ். ஐந்தாம் ஜார்ஜ் 1910 முதல் 1936 வரையும், ஆறாம் ஜார்ஜ் 1936 முதல் 1952 வரையும் இருந்ததால் எழுத்தை மட்டும் வைத்து இருவரையும் பிரிக்க முடியாது. அதன் கீழ் உள்ள 1917 அந்த வேலையைச் செய்துவிடுகிறது. என்ஃபீல்டு என்பது லண்டனுக்கு வடக்கே இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை. இதே இடத்தில் பி.எஸ்.ஏ. கம்பெனி என்று இருந்தால் அது பர்மிங்காமில் செய்தது; எல்.எஸ்.ஏ. என்று இருந்தால் லண்டன் ஸ்மால் ஆர்ம்ஸ். லித்கோ என்று இருந்தால் ஆஸ்திரேலியா. இஷாப்பூர் என்று இருந்தால் நம் மேற்கு வங்கம். முதல் உலகப் போரின் கடைசி இரண்டு ஆண்டுகளில் சிறு பட்டறைகள் பலவற்றிலிருந்து உறுப்புகளை வாங்கிச் சேர்த்துச் செய்த துப்பாக்கிகளில் எஸ்.எஸ்.ஏ. அல்லது என்.ஆர்.எஃப். என்று இருக்கும். இவை குறைவாகவே கிடைப்பவை.

எஸ்.எச்.டி. எல்.இ. என்பது 'குட்டையான லீ என்ஃபீல்டு' என்பதன் சுருக்கம். அதற்கு முன் காலாட்படைக்கு நீளமான துப்பாக்கியும் குதிரைப்படைக்குக் குட்டையான கார்பைனும் என்று இரண்டு வகை இருந்ததை ஒழித்து, இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரே நீளத்தில் செய்த துப்பாக்கி இது. மூன்றாம் மாதிரி 1907-இல் வந்தது. நட்சத்திரம், அந்த மாதிரியில் பிறகு செய்த சிறு மாற்றத்தைக் குறிக்கிறது. போர் நடந்துகொண்டிருந்தபோது வேகமாக உற்பத்தி செய்ய வேண்டியிருந்ததால், 1916-இல் சில உறுப்புகளை விட்டுவிட அனுமதி கொடுத்தார்கள். தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டியான மேகசினை மூடி, ஒவ்வொன்றாகப் போட உதவிய தகடும், கூட்டமாக மிகத் தொலைவுக்குச் சுடுவதற்கென இடப்பக்கத்தில் இருந்த தனிக் குறிகாட்டியும் அப்படித்தான் போயின. இவை இல்லாததற்கான அத்தாட்சி அந்த நட்சத்திரம். பிற்காலத்தில் அந்த உறுப்புகளை மறுபடி பொருத்தி, நட்சத்திரத்தின் மேல் கோடு இழுத்துவிட்ட துப்பாக்கிகளும் உண்டு. ராணுவப் பட்டறைக்காரர்கள் பழைய முத்திரையைத் தேய்த்து அழிப்பதைவிட அதன் மேல் ஒரு கோடு போடுவதையே பெரும்பாலும் செய்தார்கள். அடித்தல் திருத்தல் தெரியும்படி கணக்குப் புத்தகம் எழுதும் நேர்மை அது, நமக்கும் அதனால்தான் பழைய சேதி கிடைக்கிறது.

இனி குறுக்கே வைத்த கொடிகள். இது போர் நினைவுச் சின்னம் அல்ல. ராணுவச் சோதனை முத்திரை. வழக்கமான தோட்டாவைவிட அதிக அழுத்தம் தரும் சோதனைத் தோட்டாவை வைத்துச் சுட்டுப் பார்த்து, பேரலும், போல்ட் இயங்கும் உடற்பகுதியான ரிசீவரும், போல்ட்டும் வெடிக்காமலும் விரியாமலும் தாங்கின என்று உறுதியான பிறகே இதை அடிப்பார்கள். கிரீடமும் அரசர் பெயரும் மேலே, நடுவில் இரண்டு கொடிகள், கீழே 'பி' என்ற எழுத்து என்று அமைந்திருக்கும். அந்த 'பி', சோதனைக்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. அழுத்தத்தைத் தாங்க வேண்டிய உறுப்புகள் ஒவ்வொன்றிலும் இதைத் தனித்தனியாக எதிர்பார்க்கலாம்.

எங்கும் நிறைந்திருக்கும் பொடி முத்திரைகள் பார்ப்பவரை மிகவும் மிரட்டும். ஆனால் அவை எளிமையானவை. மேலே கிரீடம், நடுவில் ஓர் எண், கீழே 'இ'. கிரீடம் அரசுப் பணியாளர் என்பதையும், எண் அந்த மேற்பார்வையாளர் யார் என்பதையும், 'இ' அவர் என்ஃபீல்டில் வேலை பார்த்தவர் என்பதையும் சொல்கின்றன. ஒரு திருகு, ஒரு வளையம் என்றாலும் அளவுகோலில் வைத்துப் பார்த்துத் தேறிய பிறகுதான் அடுத்த மேசைக்குப் போகும். ஆகவே இவற்றுக்குத் தனித்தனியே பொருள் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம். ஒரே ஒரு பயன் இருக்கிறது. என்ஃபீல்டு என்று பெயர் போட்ட துப்பாக்கியில் ஓர் உறுப்பின் மேல் மட்டும் வேறு தொழிற்சாலையின் எழுத்து இருந்தால், அந்த உறுப்பு பிறகு மாற்றப்பட்டது என்று சந்தேகிக்கலாம்.

அம்பு முனைக்கும் 'ஐ' எழுத்துக்கும் வருவோம். உங்கள் துப்பாக்கியில் எனக்கு மிகவும் பிடித்த முத்திரை இதுதான். மூன்று கோடுகள் ஓரிடத்தில் கூடும் அந்த அம்பு, பிரிட்டிஷ் அரசின் சொத்து என்பதற்கான அடையாளம். துப்பாக்கியில் மட்டுமின்றிக் கப்பல் மரம், கயிறு, கித்தான் எதிலும் அதைப் போட்டார்கள். அனுமதியில்லாமல் அதைப் போட்ட பொருளை வைத்திருப்பதே குற்றம் என்று 17-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சட்டம் வந்துவிட்டது. பேரரசின் மற்ற நாடுகள் அதே அம்பைத் தமக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டன. 'சி' எழுத்தின் வயிற்றுக்குள் அம்பு இருந்தால் கனடா. இரண்டு 'டி' எழுத்துகளுக்கு நடுவில் இருந்தால் ஆஸ்திரேலியா. 'யு' எழுத்துக்குள் இருந்தால் தென்னாப்பிரிக்கா. 'என்', 'இசட்' எழுத்துகளுக்கு நடுவில் இருந்தால் நியூசிலாந்து. அம்பின் அடியில் 'ஐ' இருந்தால் இந்தியா. ஆக அது முதல் தரம் என்பதற்கான ரோமன் எண் ஒன்று அல்ல. இந்திய அரசின் இருப்பில் சேர்ந்த துப்பாக்கி என்பதற்கான பதிவு. தர எண் போடும் வழக்கமே இல்லை என்றும் சொல்லிவிடக் கூடாது. விக்டோரியா காலத்து ராணுவத் துப்பாக்கியான மார்ட்டினி ஹென்றியின் பக்கவாட்டில் மாதிரி எண்ணுக்குக் கீழே தனியாக ஒரு '1' இருக்கும். அங்கே அது தரத்தைத்தான் குறிக்கும். உங்களுக்கு விளக்கியவர் அதை எங்கோ படித்துவிட்டு இங்கே பொருத்தியிருக்கலாம்.

இந்திய முத்திரை உள்ள துப்பாக்கிகளில் ஆண்டுக் கணக்கு சற்று இழுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். 1857 எழுச்சிக்குப் பிறகு, இந்தியச் சிப்பாய்களின் கையில் இருப்பது வெள்ளைப் படையினரின் துப்பாக்கியைவிட ஒரு தலைமுறை பழையதாகவே இருக்க வேண்டும் என்று அரசு பார்த்துக்கொண்டது. வெள்ளையர் வரியிட்ட குழல் கொண்ட என்ஃபீல்டை வைத்திருந்தபோது சிப்பாய்க்கு வரியில்லாத மொட்டைக் குழலும், வெள்ளையர் மார்ட்டினிக்கு மாறியபோது சிப்பாய்க்கு அதற்கு முந்தைய ஸ்னைடர் துப்பாக்கியும் வந்தன. அந்த அவநம்பிக்கை இரும்பில் பதிந்து கிடக்கிறது. செய்த ஆண்டும் இந்தியச் சிப்பாய் கைக்கு வந்த ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது இதனால்தான். 1914-இல் லாகூர், மீரட் டிவிஷன்களின் சிப்பாய்கள் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கியதும், அவர்கள் கொண்டுவந்த துப்பாக்கிகளை வாங்கிக்கொண்டு புதியவற்றைக் கொடுத்தார்கள். அவர்களுடையவை பழைய மழுங்கிய முனைத் தோட்டாவுக்கு ஏற்றவை, மேற்குப் போர்முனையிலோ 1910-இல் வந்த கூர்முனைத் தோட்டாதான் புழக்கத்தில் இருந்தது. அந்தப் புதிய தோட்டாவுக்கு ஏற்பக் குறிகாட்டி திருத்தப்பட்ட பேரல்களில் எச்.வி. என்ற எழுத்துகளைக் காணலாம். அதிவேகம் என்பதன் சுருக்கம் அது. உங்கள் படங்களில் பேரலின் அந்தப் பக்கம் நிழலில் இருப்பதால் எனக்குத் தெரியவில்லை. பார்த்தால் இருக்க வாய்ப்பு உண்டு.

முன்கட்டையின் குறுக்கே, மேகசினுக்கு முன்னால் ஓடும் பெரிய திருகு முத்திரை இல்லைதான், ஆனாலும் முத்திரைக்கு நிகரான சாட்சி. சேகரிப்பாளர்கள் இதை இஷாப்பூர் திருகு என்றே அழைக்கிறார்கள். நம் நாட்டின் வெயிலிலும் ஈரத்திலும் முன்கட்டை பிளந்துவிடாமல் இறுக்கிப் பிடிக்க, இந்தியப் பட்டறைகளில் போட்ட திருகு இது. இங்கிலாந்தில் செய்த துப்பாக்கியில் இதைக் கண்டால், அது இந்தியாவில் ஒரு முறையாவது பட்டறை ஏறி இறங்கியிருக்கிறது என்று தயங்காமல் சொல்லலாம். இஷாப்பூரில் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே வெடிமருந்து ஆலை இருந்தது. துப்பாக்கித் தொழிற்சாலை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. அங்கேயே செய்த துப்பாக்கிகளில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கிரீடத்தின் கீழ் ஜி.ஆர்.ஐ. என்று மூன்று எழுத்துகள் இருக்கும். அந்தக் கடைசி 'ஐ'யை இந்தியா என்று படித்துவிடாதீர்கள். பேரரசர் என்ற லத்தீன் சொல்லின் முதல் எழுத்து அது. ஒரே 'ஐ', அம்பின் கீழ் இருந்தால் நாடு, அரசர் பெயரின் வால் என்றால் பட்டம். குடியரசான பிறகு கிரீடம் போய் அசோகர் சிங்கங்கள் வந்தன, இஷாப்பூர் என்ற பெயர் ஆர்.எஃப்.ஐ. என்று சுருங்கியது. கிரீடம் உள்ள துப்பாக்கி ஒன்றையும் சிங்கம் உள்ள துப்பாக்கி ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உருவத்தில் அண்ணன் தம்பி போல இருக்கும் இரண்டுக்கும் நடுவே ஓர் அரசு மாறியிருப்பது அந்த ஒரு விரல் அகல இரும்பில் தெரியும். எனக்கு அது ஒவ்வொரு முறையும் மனத்தைத் தொடும்.

1960-களில் இஷாப்பூர், பார்வைக்கு இதே போன்ற துப்பாக்கியை 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஏற்றபடி செய்தது. அவற்றில் 2ஏ அல்லது 2ஏ1 என்று இருக்கும். மேகசின் கோணம் கோணமாகச் சதுர வடிவில் இருக்கும். காவல், சிறைக் காவல் பணிகளுக்காக .303 துப்பாக்கியின் குழலை வரியில்லாமல் .410 அளவுக்கு மாற்றி, மேகசின் குழியை மரக்கட்டையால் அடைத்து, ஒரு நேரத்தில் ஒரு தோட்டா மட்டும் போடும்படி செய்தவையும் உண்டு. இந்த இரண்டையும் வெளித்தோற்றத்தை வைத்து .303 என்று எண்ணிக்கொள்பவர்கள் நிறையப் பேர். எந்தத் தோட்டாவுக்கு உரியது என்பதை முத்திரையை வைத்து மட்டுமே முடிவு செய்ய வேண்டிய இடம் இது.

உங்கள் 'எஸ்' பின்கட்டையின் மேல்விளிம்பில் இருக்கிறது. அது சட்டையின் அளவைப் போன்றது. தோளில் வைத்துப் பிடிக்கும்போது கை நீளமானவருக்கும் குட்டையானவருக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காகப் பின்கட்டையை வெவ்வேறு நீளங்களில் செய்தார்கள். வழக்கமான நீளத்துக்கு எழுத்து கிடையாது. 'எல்' என்றால் நீளமானது, 'எஸ்' என்றால் குட்டையானது, ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தான 'பி' என்றால் அதைவிடவும் குட்டையானது. உயரம் குறைந்த சிப்பாய் ஒருவருக்காக எப்போதோ இந்தக் கட்டையை மாட்டியிருக்கிறார்கள். ஸ்னைப்பர் துப்பாக்கி என்றால் தொலைநோக்கியைத் தாங்கும் கால்களோ, அவற்றைக் கழற்றிய தழும்போ ரிசீவரில் இருக்க வேண்டும். உங்கள் படத்தில் அந்த இடம் வழவழப்பாக, துளையின்றி இருக்கிறது. பின்கட்டையின் வலப்பக்கத்தில் வட்டமான பித்தளைத் தகடு ஒன்றோ, அது இருந்த குழியோ இருக்கிறதா என்று பாருங்கள். படைப்பிரிவின் பெயர்ச் சுருக்கத்தையும், அந்தப் பிரிவில் துப்பாக்கியின் வரிசை எண்ணையும் அதில்தான் குத்துவார்கள். போர்க்காலத்தில் அந்தத் தகட்டையே விட்டுவிட்டதால் 1917-இல் செய்ததில் இல்லாமலும் இருக்கலாம்.

எண்கள் பொருந்தாதது பற்றிக் கவலையோடு கேட்டிருந்தீர்கள். தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது ரிசீவர், பேரல், போல்ட், முன்முனைக் கவசம், பின்குறிகாட்டியின் தகடு, முன்கட்டையின் அடிப்பக்கம் ஆகியவற்றில் ஒரே எண் இருந்திருக்கும். அவற்றுள் போல்ட்டின் எண்தான் முக்கியம். போல்ட்டை ஒவ்வொரு துப்பாக்கிக்கும் இழைத்துப் பொருத்தினார்கள்; ஒன்றின் போல்ட்டை இன்னொன்றில் போட்டால் தோட்டாவின் பின்பகுதிக்கும் போல்ட்டின் முகத்துக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி தவறிப்போய்விடும். உங்கள் போல்ட்டில் பழைய எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டு, ரிசீவரில் இருக்கும் எண்ணைப் புதிதாகக் குத்தியிருக்கிறார்கள் என்றால், பட்டறையில் முறையாக அளந்து பொருத்தி, அதைப் பதிவும் செய்திருக்கிறார்கள் என்று பொருள். கவலைப்பட வேண்டியது, கோடும் இல்லாமல் எண்ணும் பொருந்தாமல் இருக்கும் போல்ட்டைக் கண்டால்தான்.

டி.பி. என்பது டிரில் பயிற்சிக்கு மட்டும் என்பதன் சுருக்கம். இது துப்பாக்கியின் வாழ்க்கையில் கடைசியாக வந்த முத்திரை, மற்ற எல்லாவற்றையும்விட அதிகாரம் உள்ள முத்திரையும் இதுதான். தேய்ந்தோ வெடிப்பு விட்டோ, சுடுவதற்கு ஏற்றதல்ல என்று தள்ளப்பட்ட துப்பாக்கியில் இதை அடித்து, பலவற்றில் தோட்டா அமரும் அறையில் துளையும் போட்டு, தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசியின் முனையையும் வெட்டிவிடுவார்கள். துளை கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக எந்த நிலையிலும் அதில் தோட்டாவைப் போட்டுப் பார்க்க நினைக்கக் கூடாது. சோதனைக் கொடிகள் இருக்கின்றனவே என்று யாராவது வாதாடினால், அந்தக் கொடிகள் 1917-ஐப் பற்றியும் டி.பி. இன்றைய நிலையைப் பற்றியும் பேசுகின்றன என்று சொல்லுங்கள். இதற்கு நெருங்கிய உறவாக இ.ஒய். என்ற முத்திரையும் உண்டு. முன்கட்டையைச் சுற்றிக் கம்பியை இறுகச் சுற்றி, எறிகுண்டு வீசுவதற்கென ஒதுக்கிய துப்பாக்கிகளில் அது இருக்கும். அவற்றையும் சாதாரணத் துப்பாக்கியாகக் கருதக் கூடாது.

உங்கள் துப்பாக்கியில் இல்லாத, ஆனால் பலர் குழம்பும் சில முத்திரைகளையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டிக்கொண்டு, ஆறு கைகள் உள்ள நட்சத்திரம் போலத் தெரிந்தால், அரசு இந்தத் துப்பாக்கியைத் தன் இருப்பிலிருந்து விற்றுவிட்டது என்று பொருள். போட்ட அம்பை எடுக்க முடியாது என்பதால் எதிர் அம்பு ஒன்றைப் போட்டுக் கணக்கை முடித்தார்கள். அப்படி விற்றவை இங்கிலாந்தில் பொதுமக்களுக்குப் போகும் முன் லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைச் சாலையில் மறுபடி சோதிக்கப்பட்டன. அங்கே பேரலில் 2.222 என்ற எண்ணையும், 18.5 டன் என்ற சொல்லையும், அருகே சிறு சதுரம் ஒன்றையும் குத்துவார்கள். முதலாவது தோட்டாக் கூட்டின் நீளம், அங்குலத்தில். இரண்டாவது ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை டன் என்ற அழுத்த அளவு. அந்தச் சிறு சதுரம்தான் சதுர அங்குலத்தைக் குறிக்கிறது. இங்கிலாந்து என்று தனியாக ஒரு சொல் மட்டும் குத்தியிருந்தால், அமெரிக்காவுக்கு ஏற்றுமதியானபோது பிறந்த நாட்டைக் காட்டுவதற்காகப் போட்டது. இரண்டாம் உலகப் போரில் செய்த, லீ என்ஃபீல்டின் பிந்தைய வடிவமான நான்காம் எண் துப்பாக்கிகளில் தொழிற்சாலையின் பெயருக்குப் பதிலாக எம்.47சி போன்ற குறிகள் இருக்கும். ஜெர்மானிய விமானங்களுக்கு இடம் தெரியக் கூடாது என்று, நாட்டின் வடக்கு, நடு, தெற்குப் பகுதிகளுக்கு ஒவ்வோர் எழுத்தும் நிறுவனத்துக்கு ஓர் எண்ணும் கொடுத்திருந்தார்கள், எம்.47சி என்பது பி.எஸ்.ஏ.வின் ஷெர்லி தொழிற்சாலை. அதே துப்பாக்கியில் அமெரிக்க அரசின் சொத்து என்று இருந்தால் திகைக்க வேண்டாம். பிரிட்டனுக்குக் கடன் உதவித் திட்டத்தின் கீழ் அமெரிக்காவின் சாவேஜ் நிறுவனம் செய்து கொடுத்தது அது.

போலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெஷாவருக்குத் தெற்கே தர்ரா ஆதம் கேல் என்ற ஊரில் பல தலைமுறைகளாகக் கைத்தொழிலாகத் துப்பாக்கி செய்கிறார்கள். அவர்கள் அசல் துப்பாக்கியை முன்னால் வைத்து முத்திரைகளையும் சேர்த்தே பார்த்துச் செய்தார்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாத கைவினைஞர் எழுத்தைப் படமாகப் பார்த்துச் செதுக்கியதால், 'என்' என்ற எழுத்து கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பியிருக்கும். என்ஃபீல்டு என்ற பெயரில் எழுத்து இடம் மாறியிருக்கும். வரிகள் கோணலாக ஏறி இறங்கும். விக்டோரியா 1901 ஜனவரி 22 அன்று மறைந்துவிட்டார். ஆனால் அவருடைய பெயரின் கீழ் 1910-களின் ஆண்டுகள் குத்திய துப்பாக்கிகள் அந்தப் பக்கத்திலிருந்து நிறைய வந்திருக்கின்றன. ஆப்கானிஸ்தானுக்குப் போன அமெரிக்க வீரர்கள் பலர் இப்படிப்பட்டவற்றை அசல் என்று நம்பி வாங்கி வந்தார்கள். அரசரின் பெயரும் ஆண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது மிக எளிய சோதனை, முதலில் செய்ய வேண்டியதும் அதுதான். தேவநாகரி எழுத்தும் எண்ணும் உள்ள மார்ட்டினி வகைத் துப்பாக்கியைப் பார்த்தால் அதை இந்திய ராணுவத்துடையது என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். நேபாள ராணுவத்தின் பழைய இருப்பு 2003-இல் காத்மாண்டுவிலிருந்து மொத்தமாக விற்கப்பட்டு உலகச் சந்தைக்கு வந்திருக்கிறது. அதற்கும் முந்தைய கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துத் துப்பாக்கிகளில் நான்காகப் பகுத்த இதய வடிவமோ, பின்னால் வந்தவற்றில் நிமிர்ந்து நிற்கும் சிங்கமோ இருக்கும். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போகும்போது ஆயுதங்கள் வைத்திருக்கும் கூடத்தில், சுடும் பொறி பொருத்திய பக்கத் தகட்டை உற்றுப் பாருங்கள்.

இனி, தெளிவாகத் தெரியாத முத்திரையைப் படிக்கும் முறை. துப்பாக்கி காலியாக இருக்கிறது என்பதை அதற்குப் பொறுப்பானவரே திறந்து காட்டிய பிறகுதான் தொட வேண்டும், டி.பி. என்றாலும் இந்த ஒழுங்கை மீறக் கூடாது. நேருக்கு நேர் வெளிச்சம் அடித்தால் எழுத்தின் பள்ளமும் மேடும் ஒன்றாகிவிடும். அறையைச் சற்று இருட்டாக்கி, டார்ச்சை இரும்போடு ஒட்டினாற்போலப் படுக்கைவாக்கில் பிடித்து, இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்துங்கள். ஒரு முறை நான் ஒரு துப்பாக்கியின் ஆண்டை 1918 என்று உறுதியாக எழுதிவிட்டேன். மறுநாள் டார்ச்சைக் கீழிருந்து மேலாகப் பிடித்தபோது அந்த எட்டின் இடப்பக்கம் காணாமல் போயிற்று. உறைந்த கிரீஸ்தான் அந்த வளைவை நிரப்பி வைத்திருந்தது. உண்மையில் அது 1913. மெல்லிய துணியில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுத் துடைத்து, பள்ளத்தில் வெள்ளைச் சாக்குத் தூளைத் தடவி, மேலே உள்ளதை விரலால் வழித்துவிட்டால் எழுத்து எழும்பும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் படியும் நல்ல சான்று. உப்புத்தாள், கம்பிப் பிரஷ், துருநீக்கி அமிலம் ஆகியவற்றைத் தயவுசெய்து பக்கத்தில்கூடக் கொண்டுவராதீர்கள். நூறாண்டு நின்ற முத்திரை பத்து நிமிடத்தில் போய்விடும், திரும்ப வராது. பளபளப்பாக்கித் தருகிறேன் என்று சொல்பவரிடமிருந்துதான் இந்தப் பொருள்களைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

வீட்டில் இப்படி ஒன்று இருக்கிறது என்று எழுதும் மற்றவர்களுக்காகச் சட்டத்தையும் சொல்ல வேண்டும். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 45-ஆம் பிரிவில், வழக்கொழிந்த மாதிரியிலான அல்லது தொன்மை மதிப்புள்ள அல்லது பழுதடைந்த ஆயுதத்துக்கு விலக்குக் கொடுக்கிறது; ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதைச் சுடப் பயன்படுத்தவே முடியாது என்றால் மட்டும்தான் அந்த விலக்கு. நூறு வயதான .303 இன்றும் சுடக்கூடியது, ராணுவத் தோட்டாவுக்கு உரியது. டி.பி. என்ற இரண்டு எழுத்துகளைக் காட்டி உரிமம் வேண்டாம் என்று தாமாக முடிவு செய்யாமல், காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவிப்பதே சரி.

இதுவரை தெரிந்ததை வைத்துப் பார்த்தால், உங்கள் துப்பாக்கி 1917-இல் என்ஃபீல்டில் செய்து, ராணுவச் சோதனையில் தேறி, பிறகு இந்திய இருப்பில் சேர்ந்து, இங்கே பட்டறையில் திருகும் வேறு போல்ட்டும் பொருத்தப்பட்டு, குட்டைக் கட்டையோடு யாரோ ஒருவரின் தோளில் இருந்து, கடைசியில் சுடும் பணியிலிருந்து விலக்கப்பட்டு மாணவர்கள் கைக்கு வந்திருக்கிறது. எந்த ஆண்டு இந்தியாவுக்கு வந்தது என்பதைத்தான் இன்னும் சொல்ல முடியவில்லை. பேரல் ரிசீவருக்குள் நுழையும் இடத்தில், இடப்பக்கத்தில், இரண்டு இலக்கத்தில் ஓர் ஆண்டு இருக்கும். அது 17 என்றால் பேரல் பிறந்தபோது வந்தது. அதற்குப் பிந்திய ஆண்டாக இருந்து, கூடவே இஷாப்பூரின் குறியும் இருந்தால், அந்த ஆண்டில் அது இங்கேதான் இருந்தது என்று கொள்ளலாம். ஆயுத அறைப் பொறுப்பாளரின் அனுமதியோடு அந்த இடத்தையும் முன்கட்டையின் அடிப்பக்க எண்ணையும், மேலே சொன்னபடி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, மூன்று கோணங்களில் படமெடுத்து அனுப்புங்கள்.